கட்டளையிடாமல் ஆள்வது: அதிகாரமும் நடத்தையும் குறித்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. அதிகாரம் என்றால் ஒருவர் மற்றவரைத் தடுப்பதும் தண்டிப்பதும்தானே, பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ போன்றவர்கள் அதை ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள் என்பது முதல் பகுதி. அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது, நம்மை உருவாக்குவதே அதுதான் என்று ஏற்றுக்கொண்டால் சுதந்திரம், எதிர்ப்பு ஆகியவற்றுக்கு இடமே இல்லாமல் போய்விடாதா என்பது இரண்டாம் பகுதி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடையும் தண்டனையும் அதிகாரத்தின் ஒரு வடிவம் மட்டுமே. மனிதர்கள் தாமாகவே ஒரு குறிப்பிட்ட விதத்தில் நடந்துகொள்ளும்படி அவர்களுடைய சூழலையும் பழக்கத்தையும் தம்மைப் பற்றிய எண்ணத்தையும் அமைத்துத் தருவது இன்னொரு வடிவம். இந்த இரண்டாம் வடிவம் சுதந்திரத்தை அழிப்பதில்லை, சுதந்திரத்தைக் கொண்டே வேலை செய்கிறது. ஆகவே எதிர்ப்பும் அதற்குள்ளிருந்தே கிளம்புகிறது. ஆனால் முதல் வடிவம் பழைய காலத்துக்கு உரியது, இரண்டாவது நவீன காலத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. தடியும் அக்கறையும் ஒரே கையில் இருந்ததற்கு மதுரை மாவட்டத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

ஃபூக்கோவுக்கு முன்பிருந்த கோட்பாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651இல் முன்வைத்த சித்திரத்தில், மக்கள் தங்கள் உரிமைகளை ஒப்படைப்பதால் இறையாளர் (உச்ச அதிகாரம் கொண்டவர்) ஒருவர் உருவாகிறார். அவர் சட்டம் இயற்றுகிறார், மீறுபவரைத் தண்டிக்கிறார். அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் டால் 1957இல் இதையே அளந்து பார்க்கத்தக்கதாக மாற்றினார்: ஒருவர் தானாகச் செய்திருக்காத ஒன்றை அவரைச் செய்யவைக்க முடிந்தால், செய்யவைத்தவருக்கு அவர்மீது அதிகாரம் இருக்கிறது. எது விவாதத்துக்கு வரும், எது வராமலே தடுக்கப்படும் என்று தீர்மானிப்பதும் அதிகாரம்தான் என்று 1962இல் பேக்ராக், பாராட்ஸ் என்ற அரசியலறிஞர்கள் சேர்த்தார்கள். மனக்குறையே எழாதபடி ஒருவருடைய விருப்பங்களை வடிவமைப்பதுதான் அதிகாரத்தின் மிகத் திறமையான வேலை என்று ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் வாதிட்டார். மார்க்சிய மரபில், முசோலினியின் சிறையில் இருந்தபடி இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்ஷி எழுதிய குறிப்புகள், ஆளும் வர்க்கம் பலத்தால் மட்டும் ஆள்வதில்லை, பள்ளி, தேவாலயம், பத்திரிகை வழியாகச் சம்மதத்தையும் திரட்டுகிறது என்று காட்டின. பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசர் 1970இல் இன்னும் ஒரு படி சென்றார். தெருவில் காவலர் ‘ஏய், யாரது!’ என்று கூப்பிட, நடந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிறார். அப்படித் திரும்பும் கணத்திலேயே அவர் அரசுக்கு உட்பட்ட தன்னிலையாக, அதாவது அரசு அழைக்கும் ஆளாகவே தம்மை உணர்பவராக, ஆகிவிடுகிறார் என்றார்.

இவர்கள் தமக்குள் எவ்வளவோ வேறுபட்டாலும், அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாருடைய நலனுக்கு உதவுகிறது என்பதே பெரும்பாலும் இவர்களின் கேள்வி. ஃபூக்கோ அந்தக் கேள்வியைத் தவறு என்று சொல்லவில்லை, தள்ளிவைத்தார். அரசியல் கோட்பாட்டில் அரசனின் தலையை நாம் இன்னும் வெட்டவில்லை என்று அவர் சொன்னதன் பொருள், அதிகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் மேலே அமர்ந்து ‘கூடாது’ என்று சொல்லும் ஒருவரையே நாம் கற்பனை செய்கிறோம் என்பதுதான். அதற்குப் பதிலாக, அதிகாரம் எப்படி, எந்தக் கருவிகளைக் கொண்டு, எந்தச் சிறுசிறு ஏற்பாடுகள் வழியாகச் செயல்படுகிறது என்று கேட்டார்.

1975இல் வெளிவந்த சிறை பற்றிய அவருடைய நூலின் தொடக்கம் பலருக்குத் தெரிந்திருக்கும். பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்திய தாமியான் என்பவர் 1757 மார்ச் 28 அன்று பாரிஸ் நகரச் சதுக்கத்தில் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட காட்சி அதில் விரிவாக வருகிறது. அதற்கு அடுத்தபடியாக ஃபூக்கோ வைப்பது, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து லியோன் ஃபோஷே என்பவர் பாரிஸில் இளங்கைதிகளின் இல்லத்துக்காக வகுத்த கால அட்டவணை. முதல் முரசொலி கேட்டதும் கைதிகள் வாய் பேசாமல் எழுந்து உடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் முரசொலிக்குத் தயாராக நின்று படுக்கையை ஒழுங்குபடுத்த வேண்டும். மூன்றாவதற்கு வரிசையில் நின்று காலை வழிபாட்டுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கும் கோடையில் ஐந்து மணிக்கும் நாள் தொடங்கும். ஒன்பது மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் படிப்பு. இங்கே ரத்தம் சிந்தவில்லை, யாரும் கத்தவில்லை. ஆனால் உடலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு நேரமும் இடமும் குறிக்கப்பட்டுவிட்டன. மனிதநேயம் வளர்ந்ததால் தண்டனை மென்மையானது என்ற வழக்கமான விளக்கத்தை ஃபூக்கோ ஏற்கவில்லை. உடலை அழிப்பதைவிட அதைப் பழக்கி, பயனுள்ளதாகவும் பணிவுள்ளதாகவும் ஆக்குவது ஆதாயமானது என்று கண்டுகொண்ட வேறொரு கணக்கு பிறந்துவிட்டது என்றார். படைமுகாம், பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை எல்லாவற்றிலும் அவர் இதையே கண்டார்: மேலிருந்து பார்ப்பது, இயல்பானது எது என்று வகுத்து விலகலை அளப்பது, தேர்வு வைத்து ஒவ்வொருவரையும் ஒரு கோப்பாக மாற்றுவது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1787இல் கடிதங்களாக எழுதி 1791இல் வெளியிட்ட பனாப்டிகான் சிறைத்திட்டமும் இதே நூலில்தான் வருகிறது. நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் யாராவது இருக்கிறார்களா என்பது அறையில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால், அவர் எப்போதும் தாம் பார்க்கப்படுவதாகக் கருதித் தம்மைத் தாமே கண்காணித்துக்கொள்வார். கண்காணிப்புக் கேமராவைக் கண்டவுடன் பனாப்டிகான் என்று எழுதிவிடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அது தவறில்லை என்றாலும், ஃபூக்கோவின் சிந்தனை அந்தக் கோபுரத்தோடு நின்றுவிட்டது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. கேள்வியின் இரண்டாம் பகுதியில் இருக்கும் விரக்திக்கும், நாம் எல்லோரும் அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறோம் என்ற அந்தச் சித்திரமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரே அதைத் தாண்டிச் சென்றார். 1978இல் பாரிஸின் கொலேழ் து ஃபிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகள் நோய்களைக் கொண்டு மூன்று விதமான ஆளுகையைப் பிரித்துக் காட்டுகின்றன. தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே தள்ளினார்கள், அது விலக்குவது. கொள்ளைநோய் வந்த நகரில் தெருத்தெருவாகப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டு, வீடுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டன. அந்தப் பொறுப்பாளர் நாள்தோறும் ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று பெயர் சொல்லி அழைக்க, உள்ளிருப்பவர்கள் ஜன்னலில் முகம் காட்ட வேண்டும். அது ஒழுங்கில் வைப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் அம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தும் முறை பரவியபோது கேள்வியே மாறிவிட்டது: எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், குத்திக்கொள்வதால் வரும் ஆபத்து எவ்வளவு, குத்திக்கொள்ளாவிட்டால் எவ்வளவு? இங்கே யாரையும் பூட்டவில்லை. நோய் இருக்கத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, மொத்த மக்கள்தொகையில் அதன் விகிதத்தைத் தாங்கத்தக்க அளவுக்குள் கொண்டுவருவதே நோக்கம்.

தானியப் பற்றாக்குறைக்கும் அவர் இதே கோணத்தைப் பொருத்துகிறார். பிரெஞ்சு அரசு பஞ்சத்தைத் தடுக்க நெடுங்காலம் விலைக்கு உச்சவரம்பு வைத்தது, பதுக்கலையும் ஏற்றுமதியையும் தடை செய்தது. 1763, 1764 ஆண்டுகளில் வந்த ஆணைகள் தானிய வணிகத்தைத் திறந்துவிட்டன. விலை ஏறட்டும், ஏறினால் விதைப்பவர்கள் கூடுவார்கள், வெளியிலிருந்து தானியம் வரும், தட்டுப்பாடு தானே சரியாகும் என்பது ஃபிசியோகிராட்டுகள் என்ற பொருளியலாளர்களின் வாதம். இந்த ஏற்பாட்டில் சிலர் பட்டினி கிடக்கலாம், சாகவும் செய்யலாம். ஆனால் மக்கள்தொகை என்ற மொத்தத்தின் மட்டத்தில் பஞ்சம் இருக்காது. அந்தத் தர்க்கத்தின் குளிர்ச்சியை ஃபூக்கோ ஒளிக்கவில்லை. விட்டுவிடுவதும் ஆள்வதற்கான ஒரு வழிதான் என்பதை அவர் இங்கேதான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்க்கிறார். இறையாண்மை, ஒழுங்கில் வைத்தல், ஆளுகை ஆகிய மூன்றும் ஒன்று போய் ஒன்று வந்தவை அல்ல, ஒரே முக்கோணத்தின் பக்கங்கள் என்று அதே விரிவுரைத் தொடரில் எச்சரித்தும் இருக்கிறார். அந்த எச்சரிக்கையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆளுகையின் வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் கிறிஸ்தவ மேய்ப்பரைக் காட்டினார். மேய்ப்பர் நிலத்தை ஆள்பவர் அல்லர், நகரும் மந்தையைப் பேணுபவர். மந்தை முழுவதையும் காக்க வேண்டும், வழிதவறிய ஒற்றை ஆட்டையும் தேடிப் போக வேண்டும். எல்லோரையும், ஒவ்வொருவரையும் என்ற இந்த இரட்டைக் கடமைக்கு ஒவ்வோர் ஆன்மாவுக்குள்ளும் என்ன நடக்கிறது என்ற அறிவு தேவை. பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் அந்த அறிவைத் திரட்டும் கருவி. சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் போதும் என்று அரசன் விட்டுவிடக்கூடும். மேய்ப்பருக்கு மனதின் ரகசியமும் வேண்டும். மருத்துவர், உளவியலாளர், சமூகநல அலுவலர் ஆகியோரின் பணியில் அந்த மேய்ப்பரின் சாயல் மதம் நீங்கிய வடிவில் தொடர்கிறது என்பது ஃபூக்கோவின் கருத்து.

1982இல் எழுதிய கட்டுரையொன்றில் இவற்றுக்கெல்லாம் ஒரு வரையறை தந்தார். அதிகாரம் என்பது மற்றவர்களின் செயல்மீது செயல்படுவது. அவர்கள் செய்யக்கூடியவற்றின் களத்தை முன்கூட்டியே அமைப்பது. அப்படியானால் மற்றவருக்குப் பல விதமாக நடந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தாக வேண்டும். சங்கிலியால் பிணைக்கப்பட்ட அடிமையிடம் நிலவுவது வெறும் உடல் நிர்ப்பந்தம். அவர் நகரக்கூடும், தப்பக்கூடும் என்ற நிலை வரும்போதுதான் அது அதிகார உறவாகிறது. சுதந்திரம் இல்லாவிட்டால் அதிகாரமும் இல்லை. கேள்வியின் இரண்டாம் பகுதிக்கான நேரடியான பதில் இந்த வரையறையில் இருக்கிறது.

இப்போது மதுரை. பிரிட்டிஷ் அரசு 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறப்பையே குற்றமாகக் கருதிய அந்தச் சட்டத்தின் கீழ், மதுரைப் பகுதியில் வாழும் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் குற்றப் பழங்குடியாக அறிவிக்கப்பட்டார்கள். கைரேகை எடுத்துப் பதிவேட்டில் சேர்த்ததால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பதிவுசெய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல்நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ ஆஜராகிப் படுத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு என்ற பயண அனுமதிச் சீட்டை வாங்கி, போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். ஜன்னலில் முகம் காட்டிய கொள்ளைநோய் நகரத்துக்கும் இரவில் பெயர் கூப்பிடக் காத்திருந்த சாவடிக்கும் இடையே உள்ள ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஒருவர் பெண்.

ஆனால் அதே அரசு, அதே ஆண்டுகளில், அதே மக்களுக்காகப் பள்ளிகள் திறந்தது, கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அமைத்தது, கிணறு வெட்டவும் நிலத்தில் இறங்கிப் பயிர் செய்யவும் உதவியது, ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்கும் ஊர்ப் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தியது. கள்ளர் சீரமைப்பு என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தின் பள்ளிகள், சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்ட பின்பும் நெடுங்காலம் இயங்கிவந்தன. துப்பாக்கி ஒரு துறை, பள்ளி இன்னொரு துறை என்று இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. உழுது பயிரிட்டு வாழ்பவனே ஒழுக்கமுள்ளவன், அப்படி வாழப் பழகாதவன் காவலில் இருக்க வேண்டியவன் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டையும் இயக்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் களப்பணி செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன், ஃபூக்கோவின் மேய்ப்பர் அதிகாரம் என்ற கருத்தை இந்த வரலாற்றோடு பொருத்தி ஆராய்ந்திருக்கிறார். 2009இல் நூலாக வந்த அவருடைய ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, பண்படுத்தப்பட்டவர்களாக மக்கள் தம்மைத் தாமே பேசிக்கொள்ளும் விதத்தைக் காலனிய அரசு மட்டுமே உருவாக்கவில்லை, மனதை உழுவது, நெறியில் நிற்பது என்ற தமிழ் மரபின் பழைய அறச்சொல்லாடலும் அதில் கலந்திருக்கிறது என்று அவர் காட்டுவது. ஐரோப்பியக் கோட்பாட்டை இங்கே கொண்டுவந்து அப்படியே ஒட்டிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

இலங்கையிலும் இதே போன்ற ஒரு வாசிப்பு உண்டு. பிரிட்டிஷ் அரசு அமைத்த கோல்புரூக்–கேமரன் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி 1830களின் தொடக்கத்தில் ராஜகாரிய என்ற கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டது. காலனிய அரசு மக்களை விடுவித்த முற்போக்கான சீர்திருத்தம் என்றே இது வழக்கமாகப் புகழப்படுகிறது. டேவிட் ஸ்காட் என்ற அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரையில், இனி கட்டளையால் அல்லாமல் கூலியும் சந்தையும் தன்னல விருப்பமும் தள்ளும் திசையில் மக்கள் நடக்கும்படி களம் மாற்றியமைக்கப்பட்டது என்று வாசித்தார். விடுதலை பொய் என்று அவர் சொல்லவில்லை; அந்த விடுதலை எந்த விதமான மனிதரை எதிர்பார்த்தது என்று கேட்டார்.

இன்றைய உதாரணம் வேண்டுமானால், ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கலாம். 300 முதல் 900 வரையிலான அந்த எண், கிரெடிட் கார்டு நிலுவையைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டச் சொல்லி யாருக்கும் உத்தரவிடுவதில்லை. ஆனால் வீட்டுக்கடன் வாங்க நினைப்பவர் ஓராண்டுக்கு முன்பிருந்தே தம் செலவை அடக்குகிறார், மாதந்தோறும் அந்த எண்ணைப் பார்க்கிறார், குறைந்தால் தம்மையே நொந்துகொள்கிறார். 1979 விரிவுரைகளில் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கரின் மனித மூலதனக் கோட்பாட்டைப் படித்துவிட்டு ஃபூக்கோ சொன்னதும் இதுதான்: தம்மையே ஒரு முதலீடாகப் பார்க்கும் மனிதர், சூழல் மாறினால் கணக்கிட்டுத் தாமும் மாறுவார் என்பதால் மிக எளிதாக ஆளத்தக்கவர். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் பரிந்துரைத்த முறையும் இந்த வழியில் வருவதே. ஓய்வூதியச் சேமிப்பில் ஊழியரைத் தானாகவே சேர்த்துவிட்டு, வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம் என்று வைத்தால், பெரும்பாலோர் விலகுவதில்லை.

எதிர்ப்பு என்பதையும் இதற்கேற்பப் பார்க்க வேண்டும். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அந்த இடத்தைக் கைப்பற்றுவதே எதிர்ப்பு. நடத்தையை அமைப்பதே அதிகாரம் என்றால், வேறு விதமாக நடக்க முயல்வதும், இவர்களால் இப்படி ஆளப்பட மாட்டோம் என்று மறுப்பதும் எதிர்ப்புதான். இதை ஃபூக்கோ எதிர்நடத்தை என்று அழைத்தார். மேய்ப்பரை மீறி நேரடியாக இறைவனை நாடிய இடைக்கால மறைஞானிகள், கடுந்துறவிகள், தனிச் சபைகள் ஆகியோரை உதாரணம் காட்டினார். ஆள்வதற்காக உருவாக்கிய வகைப்பாட்டையே ஆளப்படுவோர் திருப்பிப் பயன்படுத்துவதும் உண்டு. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய அதே பட்டியலின் வாரிசுகள் பின்னர் சீர்மரபினர் என்ற பெயரில் இடஒதுக்கீடும் நலத்திட்டங்களும் கேட்டது அப்படிப்பட்டதுதான்.

ஃபூக்கோமீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்கு வலுவானதாகத் தெரிவது அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃப்ரேசர் 1981இல் எழுப்பியது. எல்லா நடத்தையும் ஏதோ ஓர் அதிகாரத்தால் அமைக்கப்பட்டதே என்றால், அடங்கிப் போவதைவிடப் போராடுவது ஏன் மேல்? எது நல்ல ஆளுகை, எது கெட்டது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டாமா? பள்ளியும் துப்பாக்கியும் ஒரே எண்ணத்தால் இயங்கின என்று நான் மேலே எழுதியதையே எடுத்துக்கொண்டு, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று ஒருவர் என்னைக் கேட்கலாம். ஒன்றல்ல. பள்ளிக்குப் போன பிள்ளை அந்தப் படிப்பைக் கொண்டே அரசிடம் கணக்குக் கேட்க முடிந்தது. சுடப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆளப்படுபவர் திரும்பிப் பேசவும் ஏற்பாட்டை மாற்றவும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதிகார உறவு இறுகித் திரும்ப முடியாததாகிவிடுவதையே ஃபூக்கோ தமது கடைசி ஆண்டுகளில் ஆதிக்கம் என்று தனியாகப் பிரித்தார் என்பதால், இது அவருக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. ஆனால் ஃப்ரேசர் கேட்ட அளவுக்குத் திட்டவட்டமான நியாயத்தை அவர் எங்கும் எழுதித் தரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

எழுத்தில் தராததற்கு அவருடைய செயலில் ஓரளவு விடை கிடைக்கிறது. 1971இல் ஃபூக்கோவும் எழுத்தாளர் ழான்-மரி தொமனாக்கும் வரலாற்றாசிரியர் பியேர் விதால்-நாக்கேயும் சேர்ந்து சிறைகள் பற்றிய தகவல் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல சிறை எப்படி இருக்க வேண்டும் என்று அக்குழு எதையும் பரிந்துரைக்கவில்லை. கைதிகளைப் பார்க்கச் சிறைவாசலில் வரிசையில் நின்ற குடும்பத்தாரிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து, உணவு, குளிர், தண்டனை அறை, கடிதம், பார்வையாளர் நேரம் ஆகியவை பற்றி உள்ளே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று திரட்டி, அந்தப் பதில்களைத் துண்டறிக்கைகளாக அச்சிட்டது. எதைத் தாங்க முடியாது என்று சொல்லும் உரிமை அங்கே கோட்பாட்டாளரிடம் இருக்கவில்லை, ஆளப்பட்டவர்களிடம் இருந்தது.